டவர் இருக்கு, போன் இருக்கு, நெட் மட்டும் ஏன் இல்லை?

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அத்தை இருக்கிறார். முருங்கைத் தோட்டம், இரண்டு மாடு, அத்தனையையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறார். 2019இல் அவர் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கையில் கொடுத்து, தினமும் ஒன்றரை ஜிபி வருகிற பேக்கையும் போட்டுவிட்டுப் போனான். தோட்டத்து வரப்பில் நின்றால் டவர் கண்ணுக்கே தெரியும், அவ்வளவு கிட்டத்தில். ஆனால் எட்டு மாதம் அந்த ஒன்றரை ஜிபியில் ஒரு சொட்டைக்கூட அத்தை தொடவில்லை. போன் அடித்தால் எடுத்துப் பேசுவார், பேசி முடித்ததும் சாமி படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிடுவார். "நெட்டெல்லாம் நமக்கு எதுக்கு தம்பி, தொட்டா காசு போயிரும்." கேட்கும்போதெல்லாம் இதே பதில்தான்.

அப்புறம் 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் பேத்தி பிறந்தாள். பிரசவத்துக்குப் போக டிக்கெட்டெல்லாம் போட்டு வைத்திருந்தார், ஊரடங்கில் விமானமே நின்றுபோனது. பிள்ளை பிறந்த சேதி வந்த இரண்டாம் நாள் அத்தை வீடியோ கால் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார், யாரும் பக்கத்தில் இல்லாமல், தானாக. மகனும் நானும் எட்டு மாதம் மாறி மாறிச் சொல்லியும் நடக்காத காரியம்.

மக்கள் மொபைல் இணையத்தை ஏன் எடுத்துக்கொள்கிறார்கள், எடுத்துக்கொண்டபின் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த எட்டு மாதமும் இந்த இரண்டு நாளும்தான். இதற்கென்று பல்கலைக்கழகங்களில் பெரிய பெரிய ஆராய்ச்சியெல்லாம் நடந்திருக்கிறது, அதில் எனக்குப் புரிந்ததையும் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து, இதைப் பற்றி ஒன்றுமே படிக்காத ஒருவருக்குச் சொல்கிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உலகம் முழுக்க உள்ள செல்போன் நிறுவனங்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ வருஷா வருஷம் ஒரு கணக்கெடுப்பு வெளியிடுகிறது. 2023 முடிவில் உலக மக்களில் 57 சதவீதம் பேர், அதாவது சுமார் 460 கோடிப் பேர், மொபைல் இணையத்தைப் பயன்படுத்தினார்கள். இணையம் வருகிற டவரே எட்டாத இடத்தில் வாழ்கிறவர்கள் வெறும் 4 சதவீதம். மிச்சம் 39 சதவீதம் பேர் எங்கே? டவருக்குக் கீழேதான் இருக்கிறார்கள். சிக்னல் அவர்கள் தலைக்கு மேலேதான் போகிறது, ஆனால் அவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. டவர் எட்டாததை 'அலைவரிசை இடைவெளி' என்றும், எட்டியும் எடுத்துக்கொள்ளாததைப் 'பயன்பாட்டு இடைவெளி' என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது இடைவெளி முதலாவதைப்போல ஒன்பது பத்து மடங்கு பெரியது. அத்தை எட்டு மாதம் உட்கார்ந்திருந்தது இந்த இரண்டாவது இடைவெளிக்குள்தான்.

இதைக் கேட்டதும் நிறையப் பேர் சொல்வது, "படிக்காதவங்க, வயசானவங்க, பயப்படுவாங்க" என்று. எனக்கு இந்தப் பேச்சில் சுத்தமாக உடன்பாடு இல்லை. பயம் இருக்கிறது, உண்மைதான், ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

2011இல் இருந்து ஆறேழு வருஷம் நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரீசார்ஜ் கடையில் இருந்தேன். காலையில் பத்து ரூபாய் டாப்-அப் போட்டுவிட்டுப் போனவர் மத்தியானம் திரும்பி வந்து, "தம்பி, யாருக்கும் பேசவே இல்ல, காசக் காணோம்" என்று நிற்பார். போனை வாங்கிப் பார்த்தால், பட்டன் போனின் நடுப்பட்டன் சட்டைப்பைக்குள் அழுந்தி நெட் திறந்திருக்கும். பேக் போடாமல் நெட் ஓடினால் 10 கேபிக்கு இத்தனை பைசா என்று மெயின் பேலன்ஸில் கை வைத்துவிடும். இல்லாவிட்டால் அவர் கேட்காமலே காலர் டியூன் ஒன்று ஏறியிருக்கும், மாதம் முப்பது ரூபாய். கஸ்டமர் கேருக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, ஒன்பதை அழுத்து என்று சுற்றவிடுவார்கள். களை எடுத்துவிட்டு வந்த கையோடு நிற்கிற அம்மாவிடம், "அது போனது போனதுதாம்மா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

அப்படி இரண்டு முறை காசு போனவர் மூன்றாவது முறை அந்தப் பட்டன் பக்கம் விரலைக் கொண்டுபோவாரா? அத்தை சொன்ன "தொட்டா காசு போயிரும்" என்பது அறியாமை இல்லை. அது அனுபவம். அவர் பழைய பட்டன் போனில் உண்மையாகவே போயிருக்கிறது. புதுப் பேக்கில் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே காசுதான் என்பது அவருக்கு யாரும் புரியும்படி சொல்லாத செய்தி.

சரி, அப்படியானால் அந்தப் பயத்தைப் பேத்தி எப்படி இரண்டே நாளில் தாண்ட வைத்தாள்?

1989இல் பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் கேட்டார், ஆனால் அலுவலகங்களில். அப்போதுதான் மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது, சிலர் புது மென்பொருளைச் சட்டென்று பழகினார்கள், சிலர் தொடவே மாட்டேன் என்றார்கள். அவர் கடைசியில் இரண்டு கேள்விக்கு வந்து நின்றார். இது எனக்கு உதவுமா? இது எனக்குச் சுலபமாக வருமா? இதில் கவனிக்கவேண்டியது, உண்மையில் உதவுகிறதா என்பது இல்லை, உதவும் என்று அந்த ஆளுக்குத் தோன்றுகிறதா என்பதுதான் கணக்கு. இரண்டில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம் என்றும் அவர் ஆய்வில் வந்தது. பெரிய பயன் இருக்கிறது என்று தோன்றிவிட்டால் கஷ்டமான கருவியோடும் மல்லுக்கட்டிப் பழகிவிடுகிறார்கள், பயனே இல்லை என்று தோன்றினால் குழந்தைகூட இயக்கக்கூடிய கருவியாக இருந்தாலும் சீண்டுவதில்லை. அத்தை விஷயத்தில் போன் அதேதான், பேக் அதேதான், திரையில் இருந்த படங்களும் அதேதான். முதல் கேள்விக்கான பதில் மட்டும் மாறியது.

எட்டு மாதமாக நாங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? "நெட்டுல எல்லாமே இருக்கு அத்தை." எல்லாமே இருக்கிறது என்றால் குறிப்பாக ஒன்றுமே இல்லை என்றுதான் கேட்கிறவருக்குப் படும். யாரும் இணையத்துக்குள் வருவது இணையத்துக்காக இல்லை. ஒரு முகத்தைப் பார்க்க, ஒரு ரிசல்ட் பார்க்க, ஒரு பாட்டுக் கேட்க, ஒரு விலை தெரிந்துகொள்ள என்று ஒரே ஒரு வேலையாக வருகிறார்கள். அந்த ஒரு வேலைதான் வாசற்படி, வீட்டுக்குள் வந்தபிறகுதான் மற்ற அறைகள் கண்ணில் படும். கடையில் இருந்த காலத்தில் ஒவ்வொருவருக்கும் எது வாசற்படியாக இருந்தது என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் பையன்கள், துபாயிலோ சவூதியிலோ புருஷன் இருக்கிற பெண்கள், கிரிக்கெட் ஸ்கோருக்காக ஆட்டோக்காரர்கள்.

டேவிஸுக்கு முன்னாலேயே, 1962இல், எவரெட் ரோஜர்ஸ் என்பவர் புதுப் பொருள்கள் ஊருக்குள் எப்படிப் பரவுகின்றன என்று ஒரு விளக்கம் கொடுத்தார். அவர் அயோவா மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், அவருடைய எண்ணங்களுக்கெல்லாம் வேர், அங்கே விவசாயிகள் வீரிய ஒட்டு மக்காச்சோள விதைக்கு மாறியதைப் பற்றிய ஆய்வு. அதனால்தானோ என்னவோ, அவர் சொன்னதை எனக்கு அத்தையின் தோட்டத்தை வைத்தே புரிந்துகொள்ள முடிந்தது.

எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டு வளர்க்கிற மரமுருங்கைதான். 1980களின் கடைசியில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பிகேஎம்-1 என்ற செடிமுருங்கையை வெளியிட்டது, விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கிற ரகம். அத்தையும் மாமாவும் அதற்கு ஒரே நாளில் மாறிவிடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டார், காய் நீளமாக, சதைப்பற்றாகத் தொங்குவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு வருஷம் பார்த்தார்கள். அப்புறம் கால் ஏக்கரில் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். நஷ்டமானால் கால் ஏக்கரோடு போகட்டும் என்று. தண்ணீர் பாய்ச்சுவதும் மருந்தடிப்பதும் ஏற்கெனவே தெரிந்த வேலைதான், புதிதாக ஒன்றும் படிக்கவேண்டியதில்லை. மறு வருஷம் தோட்டம் முழுக்கச் செடிமுருங்கை.

ரோஜர்ஸ் சொன்ன ஐந்து விஷயமும் இதற்குள் இருக்கிறது. பழையதைவிட மேலா, நம் வழக்கத்துக்கு ஒத்துவருமா, சிக்கலானதா, கொஞ்சமாகப் போட்டுப் பார்க்க முடியுமா, அடுத்தவர் செய்வது நம் கண்ணில் படுகிறதா. மொபைல் இணையமும் இந்த ஐந்து வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. புது விதையை அளந்து பார்த்து எடுத்துக்கொண்ட அதே அத்தைதான் போனையும் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார், எங்களுக்குத்தான் அது பயமாகத் தெரிந்தது.

கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்பது என்பதில் நம் ஊருக்கு ஒரு தனி வரலாறே உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கினார், பாட்டில் வாங்க வழியில்லாத வீடுகளுக்குள் ஷாம்பூ அப்படித்தான் நுழைந்தது. ஒரு தடவை தலைக்குப் போட்டுப் பார்க்கிற அளவு, பிடிக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை. போனில் பத்து ரூபாய் டாப்-அப், ஒரு நாள் நெட் பேக் எல்லாம் அதே தந்திரம்தான். மாதத்துக்கு ஒரு மொத்தத் தொகையைக் கட்டு என்று சொல்லியிருந்தால் தினக்கூலி வாங்குகிறவர் யாரும் உள்ளே வந்திருக்கமாட்டார். தினமும் வருகிற வருமானத்துக்குத் தினமும் வாங்குகிற நெட்தான் பொருந்தும். வீட்டு லேண்ட்லைன் வழியாக வந்த இணையம் நகரத்தோடு நின்றதற்கும் மொபைல் வழியாக வந்தது தோட்டம் வரைக்கும் போனதற்கும் இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது விலைக்கு வருவோம், இந்தியாவில் இந்தக் கதையை விலை இல்லாமல் சொல்லவே முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொடுத்த கணக்குப்படி 2014இல் ஒரு ஜிபி டேட்டாவுக்கு ஒரு வாடிக்கையாளருக்கு ஆன சராசரிச் செலவு 269 ரூபாய். 2018இல் அது 11 ரூபாய் 78 காசு. நடுவில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது, 2017 மார்ச் வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே இலவசம், மற்ற நிறுவனங்கள் வேறு வழியில்லாமல் விலையை இறக்கின.

அந்த இறக்கத்தை நான் கடைக்குள் இருந்து பார்த்தேன். அதுவரைக்கும் எங்கள் கடையின் பாதி வருமானம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பதுதான். கம்ப்யூட்டரில் ஃபோல்டர் ஃபோல்டராக வைத்திருப்போம், இளையராஜா சோகம், இளையராஜா ஜோடி, டி.எம்.எஸ். தத்துவம், அய்யப்பன் பாட்டு, கவுண்டமணி செந்தில் காமெடி. லாரி டிரைவர்கள் ராத்திரிப் பயணத்துக்கு முன்னால் வந்து, "நல்லா தூக்கம் வராத பாட்டா ஏத்து தம்பி" என்பார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு வகை மொபைல் இணையம்தான், நாங்கள் இறக்கி வைத்தோம், அவர்கள் சட்டைப்பையில் எடுத்துப்போனார்கள். 2016 கடைசியில் அந்த வியாபாரம் சில மாதத்திலேயே படுத்துவிட்டது. யாரும் பாட்டுக் கேட்பதை நிறுத்தவில்லை, கேட்கிற வழி மாறியது. ஏற்கெனவே தாகம் இருந்தவர்கள் குழாய் திறந்ததும் வந்து நின்றார்கள்.

விலை இறங்கினால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நினைப்பதுதான் இதில் நடக்கிற பெரிய தப்பு. விலை, தேவை இருந்தும் காசில்லாமல் நின்றவர்களை உள்ளே கூட்டிவந்தது. தேவையே தோன்றாதவர்களை அது அசைக்கவில்லை. அத்தைக்குப் பேக்குக் காசை மகன் கட்டினான், அதாவது அவருக்கு அது முழுக்க இலவசம், அப்படியும் எட்டு மாதம் சும்மா கிடந்தது.

விஸ்வநாத் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2012இல் ஹாங்காங்கில் மொபைல் இணையம் பயன்படுத்துகிற சுமார் 1,500 பேரிடம் கேட்டு எழுதியது இந்தத் துறையில் எல்லாரும் காட்டுகிற ஆய்வு. பயன், சுலபம், அக்கம்பக்கத்தார் சொல், உதவிக்கு ஆளும் வசதியும் இருப்பது என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவற்றோடு அவர்கள் மூன்றைச் சேர்த்தார்கள்: சந்தோஷம், கொடுத்த காசுக்குத் தகுமா என்ற கணக்கு, பழக்கம். அலுவலகத்தில் முதலாளி சொன்னால் கம்ப்யூட்டரைத் தொட்டுத்தான் ஆகவேண்டும், ஆனால் சொந்தக் காசில் சொந்தப் போனில் நெட் போடுகிறவருக்குச் சந்தோஷம் ஒரு பெரிய காரணம். 'வெட்டியாக வீடியோ பார்க்கிறார்கள்' என்று நாம் சொல்வதை இந்த ஆய்வு ஒரு காரணமாகவே ஏற்றுக்கொள்கிறது. எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. நாள் முழுக்கக் குனிந்து களை எடுத்த ஒருவர் ராத்திரி ஒரு மணிநேரம் பழைய படக் காட்சி பார்ப்பதற்கு யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்?

பழக்கம் இன்னொரு ரகம். முதல் மாதம் யோசித்து யோசித்து எடுக்கிற போனை ஆறாவது மாதம் கை தானாக எடுக்கிறது. அதற்குமேல் ஏன் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால் பதிலே வராது, காலையில் ஏன் காபி குடிக்கிறீர்கள் என்று கேட்ட மாதிரி பார்ப்பார்கள்.

உதவிக்கு ஆள் இருப்பது என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மொபைல் இணையம் வருவதற்கு முன்பே நம் கிராமங்களில் இணையம் வந்திருக்கிறது. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்து ஊர்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயரம் எவ்வளவு இருக்கும் என்ற கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வலை பின்னிக்கொண்டிருக்கிறவர் கம்ப்யூட்டர் முகத்தையே பார்க்கவேண்டாம், காதில் விழுந்தால் போதும், கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வார். 2004 சுனாமி அன்று பக்கத்து நல்லவாட்டில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போன் பண்ணி எச்சரிக்க, அதே மாதிரி ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 வாக்கில் சென்னை ஐஐடியின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து இணைய மையங்கள் திறந்தார்கள், கண்ணில் கோளாறு என்று வருகிறவரைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவதுகூட நடந்தது. ஆனால் சில வருஷத்தில் அந்த மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. மையம் என்பது நடந்துபோகவேண்டிய இடம், திறந்திருக்கவேண்டிய நேரம், அங்கே உட்கார ஒரு ஆள், அவருக்குச் சம்பளம், கரண்ட். போன் இத்தனையையும் தேவையில்லாததாக ஆக்கியது.

ஆனால் நடுவில் இருந்த அந்த ஆளையும் அது காணாமல் ஆக்கிவிட்டது. வீராம்பட்டினத்தில் ஆங்கிலத்தைத் தமிழாக்கி, தேவையானதை மட்டும் பொறுக்கிச் சொல்ல ஒருவர் இருந்தார். இப்போது அந்த வேலையை வீட்டில் இருக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்கிறது, பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண் செய்கிறது, ரீசார்ஜ் கடைக்காரர் செய்கிறார். அப்படி ஒரு பிள்ளை இல்லாத வீட்டில், தனியாக இருக்கிற வயதானவரிடத்தில், போன் சும்மா கிடக்கிறது.

அடுத்தது எழுத்து. நான் கடையில் சேர்ந்த புதிதில் பல போன்களில் தமிழைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இலேயே சிங்கப்பூரில் அறிமுகமாகிவிட்டது, தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி இருந்தது, ஆனால் எல்லாப் போனிலும் தமிழ் தானாக ஓடுவதற்கு இன்னும் பல வருஷம் ஆனது. அதற்குள் மக்கள் 'enna panra' பாணியில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கப் பழகிக்கொண்டார்கள், அந்த எழுத்தும் தெரியாதவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களை உள்ளே கொண்டுவந்தது குரல். 2013இல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது, 2017இல் கூகுளில் தமிழில் பேசித் தேட முடிந்தது. அழுத்திப் பிடி, பேசு, விடு. இவ்வளவுதான் வேலை. இணையத்துக்குள் நுழைய எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையையே அந்த மைக் படம் எடுத்துவிட்டது.

சரி, உள்ளே வந்தவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒன்றரை ஜிபியை வைத்தே சொல்கிறேன். எழுத்துச் செய்தி எத்தனை அனுப்பினாலும் அதில் கணக்கிலேயே வராது. வாட்ஸ்அப்பில் ஒரு மணிநேரம் குரலில் பேசினால் சில பத்து எம்பி போகும். நடுத்தரத் தெளிவில் ஒரு மணிநேரம் வீடியோ பார்த்தால் ஏறக்குறைய அரை ஜிபி. ஆகவே தினசரி டேட்டா தீர்ந்துபோகிறது என்றால் அதைத் தின்றது வீடியோதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனால் எதற்கு டேட்டா அதிகம் போகிறது என்பதும் எது முக்கியம் என்பதும் ஒன்றில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து கேரளாவுக்குக் காய் போகிறது, கமிஷன் மண்டியில் இருக்கிறவர் காலையில் லோடு ஏறுவதற்கு முன்னால் காயைப் படம் எடுத்து அந்தப் பக்கத்து வியாபாரிக்கு அனுப்புகிறார், கூடவே ஒரு குரல் செய்தி. ரெண்டு எம்பி இருக்குமா? அந்த ரெண்டு எம்பியில் அன்றைக்கு ஒரு லாரி காய் விலை படிகிறது.

பணம் அனுப்புவதும் அப்படித்தான். யுபிஐ 2016 ஏப்ரலில் வந்தது, அந்த நவம்பர் 8 அன்று ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள், கையில் நோட்டு இல்லாமல் தவித்த பலர் முதல் தடவை போனில் பணம் அனுப்பினார்கள். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றத்தைத் தாண்டியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் கடைகளில் வைத்திருக்கிற அந்தச் சின்னப் பேசும் பெட்டி. பூக்கடை அம்மா பூக் கட்டிக்கொண்டே இருக்கிறார், "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி தமிழில் சொல்கிறது, அவர் தலையை நிமிர்த்தாமல் பூவை நீட்டுகிறார். போனை எடுக்கவேண்டாம், குறுஞ்செய்தியைப் படிக்கவேண்டாம், வாங்கினவர் பொய்யாகக் காட்டினாரோ என்று சந்தேகப்படவும் வேண்டாம். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியின் சின்னத் தங்கச்சி மாதிரி இருக்கிறது அது.

ஒரு வீட்டில் போன் இருக்கிறது என்றால் அந்த வீட்டில் எல்லாரிடமும் போன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2020இல் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. அப்பா வேலைக்கு எடுத்துப்போகிற ஒரே போன், காலை பத்து மணிக்கு வகுப்பு, மூன்று பிள்ளைகள். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது, நல்ல காரியம், ஆனால் டேட்டா கார்டைப் போடுவதற்குச் சொந்தமாக ஒரு போன் வேண்டும். அதிலும் யார் கைக்குப் போன் கடைசியாகப் போகும் என்று சொல்லவேண்டுமா? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், ஒரு தடவையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 33 சதவீதம். டவரும் அதேதான், விலையும் அதேதான், வீடும் அதே வீடுதான். பெண்ணிடம் தேவை இல்லையா, ஆர்வம் இல்லையா என்று கேட்பதற்கு முன்னால் போன் அவள் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

பயம் திரும்பவும் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. முன்பு பத்து ரூபாய் போனது, இப்போது வங்கிக் கணக்கே போகிறது. பார்சல் வந்திருக்கிறது, கேஒய்சி முடிந்துவிட்டது, உங்கள் மேல் கேஸ் இருக்கிறது என்று தினம் ஒரு போன். அப்படிப் பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அடிக்கவேண்டும், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறோமோ அவ்வளவுக்கு மீட்கிற வாய்ப்பு இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு வீடியோ கால் சொல்லிக்கொடுக்கிற அன்றைக்கே இந்த எண்ணையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று வெறுமனே சொன்னால் பத்தாது, யாராவது கேட்டால் "எம் பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடச் சொல்லுங்கள், அது அவர்களுக்குச் சுலபமாக வருகிறது.

நெட் வேண்டாம் என்று யோசித்தே முடிவு எடுத்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் மதிக்கவேண்டும். பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருக்கிறவர்கள் பல வருஷமாகத் தங்களுக்குத் தேவையில்லாத டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் டிராய், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக் ஒன்றை நிறுவனங்கள் கட்டாயம் தரவேண்டும் என்று உத்தரவு போட்டது. இதுவும் பயன்பாட்டைப் புரிந்துகொண்டதால் வந்த முடிவுதான்.

கடைசியாக, யாருக்காவது சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு விஷயம். போனை அவர் கையில் இருந்து வாங்காதீர்கள். நாம் வாங்கி, டக் டக்கென்று நாலு தட்டுத் தட்டி, "இவ்வளவுதான்" என்று திருப்பிக் கொடுத்தால் அவர் கற்றுக்கொள்வது ஒன்றுதான், இதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று. நானும் எட்டு மாதம் அதைத்தான் செய்தேன். பேத்தி பிறந்த அன்று பக்கத்தில் யாரும் போகமுடியாத ஊரடங்கு, அதனால் மகன் சாதாரணப் போனில் பேசிப் பேசியே அத்தை விரலால் செய்ய வைத்தான். ஒவ்வொன்றையும் அத்தை பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பார்த்தபடியே வரைந்துகொண்டார். பச்சை வட்டத்துக்குள் ஒரு போன். மகன் முகம் என்று ஒரு மீசை. கேமரா மாதிரி ஒரு பெட்டி, அதற்கு மூக்கு. முடிக்கும்போது அழுத்துகிற சிவப்பு. நாலு படம்.

போன மாதம் போயிருந்தபோது அந்த நோட்டைப் பார்த்தேன். இப்போது ஏழு படம் இருக்கிறது. கடைசியில் இருப்பது மைக். "இது யாரு சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டேன். "பாப்பாதான், அமுக்கிக்கிட்டுப் பேசுங்க அப்பத்தான்னா" என்றார். ஐந்து வயதுப் பேத்தி, சிங்கப்பூரில் இருந்து. "என்னத்தை கேட்டீங்க?" "முருங்கையில பூவு கொட்டுதுன்னு கேட்டேன்." வரிசையாக வீடியோ வந்திருக்கிறது, மூன்றைப் பார்த்திருக்கிறார், பூக்கிற நேரத்தில் தண்ணீர் அதிகமானால் பூ உதிரும் என்று அதில் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரமே தண்ணீரைக் குறைத்துவிட்டாராம். வரப்பில் கூட்டிக்கொண்டு போய் மரத்தைக் காட்டினார், பிஞ்சு பிடித்திருந்தது.